சமமில்லை என்று சொன்ன நிரல்

"நீங்கள் கிண்ணியாவிலயும் பதிஞ்சிருக்கிறீங்கள், அக்கா. ஒராளுக்கு ஓரிடத்திலதான் நிவாரண அட்டை குடுக்கலாம்," என்றாள் பூரணி.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஸல்மா முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டாள். மூதூரில் சண்டை மூண்டபோது தோணியில் ஏறித் திருகோணமலை நகருக்கு வந்து சேர்ந்தவள். இப்போது பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தாள்.

"கிண்ணியாவுக்கு நான் போகவே இல்லியே தங்கச்சி. நேரா இங்கதான் வந்த."

அன்று காலையிலிருந்து பூரணி இதே பதிலைப் பலரிடமிருந்து கேட்டுவிட்டாள். இரண்டு இடத்தில் பதிகிறவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டை விட்டு உடுத்த உடுப்போடு ஓடி வந்த சனம். ஆனால் ஒருவர் இரண்டு தரம் வாங்கினால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும். கணினித் திரையை ஸல்மாவின் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கோ. பேர் 'ஸ'வில தொடங்குது. வாப்பாட பேர் அப்துல் மஜீத். ஊர் மூதூர். வயது நாற்பது. பெண். எல்லாம் சரிதானே?"

"ஓம். சரிதான்."

"இதே விவரம் கிண்ணியா முகாமிலயும் இருக்கு."

ஸல்மா மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடுவாள், அல்லது அழுவாள் என்று பூரணி எதிர்பார்த்தாள். ஸல்மா தணிந்த குரலில் கேட்டது வேறொன்று.

"அந்தப் பொம்பிளை உசிரோட இரிக்காவா?"

பூரணிக்கு விளங்கவில்லை. "ஆர்?"

"எனக்கு ஒரு தங்கச்சி இரிந்த. ஸல்ஹா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே வயித்தில பிறந்த. ஓடி வரக்குள்ள சனத்துக்குள்ள கை விட்டுப் போச்சு. ஷெல் விழுந்த பக்கமாத்தான் அவ போன எண்டு கண்டாக்கள் சொன்னாங்க. மௌத்தாப் போயிட்டா எண்டு நினைச்சி யாஸீனும் ஓதிட்டம்." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "நான் அங்க போகல்ல. அப்ப அங்க இரிக்கிறது ஆரு?"

பூரணி அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, கிண்ணியா முகாமுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தாள். சண்டை தொடங்கிய நாளிலிருந்து குடாவுக்கு அந்தப் பக்கம் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. அன்று வரவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

அந்த நிவாரண நிறுவனத்தின் கணினிப் பகுதி என்பது ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகள்தான். யன்னலைத் திறந்தால் உட்துறைமுகம் தெரியும். வேலை செய்தவர்கள் இரண்டு பேர். பூரணி, கொழும்பில் கணினி படித்துவிட்டு வருடத் தொடக்கத்தில் ஊர் திரும்பியவள். ஹிஸ்புல்லா, அவளைவிட எட்டு வயது மூத்தவன், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவள் 'நானா' என்று கூப்பிடுபவன், கிண்ணியாக்காரன். சுனாமிக் கடற்கோள் வந்த கையோடு தொடங்கிய இந்த வேலையில் முதலாவதாகச் சேர்ந்தவன். பதிவு நிரலை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியது அவன்தான்.

அந்த நிரலுக்குள் ஒவ்வொரு ஆளும் ஒரு 'ஒப்ஜெக்ட்'. பெயர், வயது, ஊர் என்று அந்த ஆளின் விவரங்கள் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். இரண்டு ஒப்ஜெக்ட்டுகளைக் காட்டி இவை சமமா என்று சும்மா கேட்டால், நினைவகத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் கணினி பார்க்கும். இல்லையென்றால் சமமில்லை என்றுவிடும். எவையெவை ஒத்துப்போனால் இருவரும் ஒருவரே என்பதை நிரல் எழுதுபவர்தான் விதியாக எழுதிக்கொடுக்க வேண்டும். ஹிஸ்புல்லா ஐந்து விவரங்களை எடுத்திருந்தான். தகப்பன் பெயர், ஊர், வயது, ஆணா பெண்ணா என்பது, பெயரின் முதல் எழுத்து. முழுப் பெயரை அவன் எடுக்காததற்கு நல்ல காரணம் இருந்தது. ஒரு முகாமில் சுபைதா என்று எழுதுவார்கள், இன்னொன்றில் சுபைத்தா என்பார்கள், மூன்றாவதில் முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். கடற்கோள் காலத்தில் அந்த ஐந்து விவரங்களும் போதுமாயிருந்தன. அப்போது ஒப்ஜெக்ட்டுக்குள் இருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பூரணி வந்த பிறகு இன்னும் சிலவற்றைச் சேர்த்தாள். அடையாள அட்டை இலக்கம், உடம்பில் உள்ள அடையாளம், பிரிந்துபோன உறவினரின் பெயர். முகாம்களில் அவற்றையும் கேட்டுப் பதிந்தார்கள். ஆனால் சமம் பார்க்கும் விதி பழைய ஐந்தோடேயே நின்றுவிட்டது. திரையும் பழைய ஐந்தைத்தான் காட்டியது. மற்றவை உள்ளே இருந்தன, ஒருவரும் பார்க்கவில்லை.

ஸல்மா சொன்னதைப் பூரணி சொல்லி முடித்ததும் ஹிஸ்புல்லா நாற்காலியில் சாய்ந்தான்.

"ரெட்டைப் பிள்ளையா? பாவம்தான். ஆனா அவ பேரை வேற ஆரும் குடுத்திருக்கவும் கூடும், பூரணி. இந்த அஞ்சும் ஒத்து வாறது லேசில நடக்காது."

"அப்படித்தான் நானும் நினைச்சனான், நானா. ஆனா முகாமில ஆர் சரியான வயது சொல்லுகினம்? நாற்பது, அம்பது எண்டு குத்துமதிப்பாச் சொல்லுறது. அண்ணனும் தம்பியும் ரெண்டு முகாமில நிண்டு அம்பது எண்டு சொன்னா, பேரும் ஒரே எழுத்தில தொடங்கினா, எங்கட புரோகிராம் ஒராளை அழிச்சுப்போடும். எத்தினை பேரை அழிச்சதெண்டு தெரியுமோ?"

ஹிஸ்புல்லா தெரியாது என்றான். அவன் முகம் இப்போது மாறியிருந்தது. நகரத்திலும் கிண்ணியாவிலும் எடுத்த பதிவுகளை ஒன்றாக்கியபோது சமம் என்று கண்டவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிரல் ஒதுக்கிவிட்டது. ஒதுக்கியவை நூற்றுக்கணக்கில் இருந்தன.

"சரி. நீங்கள் சேர்த்த மூண்டையும் விதியில போடுவம். பத்து நிமிஷ வேலை," என்றான்.

"நாளைக்கு இன்னொண்டைச் சேர்ப்பம். அப்பவும் விதியை மறப்பம். இதைச் சேர்க்கேக்க நான் உங்கட விதியைத் திறந்துகூடப் பாக்கேல்லை. ஞாபகத்தை நம்பாம, ஒப்ஜெக்ட்டிட்டயே கேட்டா என்ன? உன்னட்ட என்னென்ன இருக்கு, எல்லாத்தையும் காட்டு எண்டு."

"ரிஃப்ளெக்ஷனா?"

"ஓம்."

ரிஃப்ளெக்ஷன் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னுடைய ஒப்ஜெக்ட்டுகளையே பிரித்துப் பார்க்கும் வசதி. உள்ளே எத்தனை விவரங்கள் உண்டு, அவற்றின் பெயர் என்ன, பெறுமதி என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். வெளியார் பார்க்கக்கூடாது என்று மூடிவைத்ததையும் திறக்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதுவும் தானாகவே கணக்கில் வந்துவிடும்.

"நத்தை மாதிரிப் போகும். இந்த மெஷினைப் பாருங்க, இதுவே நோயாளி," என்றான் ஹிஸ்புல்லா.

"நத்தை போய்ச் சேராதோ?"

அவன் சிரித்துவிட்டுத் தன் நாற்காலியை அவளுடைய மேசைக்கு இழுத்துப் போட்டான்.

பூரணி எழுத எழுத அவன் பிழை பார்த்தான். எழுதியது நீளமில்லை. முதல் ஒப்ஜெக்ட்டின் ஒவ்வொரு விவரத்தையும் எடு, இரண்டாவதில் அதே பெயருள்ளதை எடு, ஒத்துப் பார், ஒவ்வாததை வெளியே எழுது. ஒதுக்கப்பட்ட ஒவ்வொருவரையும், அவருக்குச் சமம் என்று சொல்லப்பட்டவரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கணினி உறுமிக்கொண்டு ஓடியது. கடைசியில், ஒரு சோடிகூடச் சமமில்லை என்று சொன்னது.

ஹிஸ்புல்லா திரையைப் பார்த்தான். "இப்ப எல்லாரும் வேற வேற ஆக்கள். இரண்டு தரம் பதிஞ்ச எங்கட காசிம் காக்காவும் இரண்டு ஆக்கள்."

பூரணி ஒவ்வாதவற்றை வாசித்தாள். சிரிப்பு வந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் நிரல் தானே ஒரு தொடர் இலக்கம் போட்டிருந்தது. பதிந்த நேரமும் இருந்தது, முகாமின் பெயரும் இருந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிந்தால் இவை மூன்றும் எப்படியும் வேறாகத்தானே இருக்கும்?

"இது ஆளைப் பற்றினது இல்லை. நாங்கள் ஒட்டின லேபல். இதுகளுக்கு ஒரு குறி போடுவம். குறி கண்டா விட்டிட்டுப் போகட்டும்."

முகாமுக்கு முகாம் எழுத்து மாறி வரும் முழுப் பெயருக்கும் சேர்த்துக் குறி போட்டார்கள். அடுத்த முறை இன்னொரு சிக்கல் வந்தது. அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு ஓடி வந்தவர்களுக்கு அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரு பக்கம் இலக்கம், மறுபக்கம் வெறுமை. நிரல் அதையும் வேறு என்று எடுத்துக்கொண்டது. வெறுமை என்பது இல்லை என்று அர்த்தமில்லை, தெரியாது என்றுதான் அர்த்தம் என்றாள் பூரணி. ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களோடு, தெரியாது என்ற மூன்றாவது பதிலையும் நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாம் முறை ஓட விட்ட சிறிது நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. கணினியைத் தாங்கும் மின்கலம் கீச்சிடத் தொடங்கியது. ஹிஸ்புல்லா படிகளில் இறங்கி ஓடி, கீழே இரும்புக் கடைக்காரரிடம் ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். இயந்திரம் படபடவென்று உயிர் பெறும்போதுதான் பொறுப்பாளர் சோமசேகரம் உள்ளே வந்தார். சீனன்குடாப் பக்கம் விமானம் இறங்கும் இரைச்சலும் ஜெனரேட்டரும் சேர்ந்ததில் அவர் உரத்துப் பேச வேண்டியிருந்தது.

"சனிக்கிழமை அட்டை அடிக்க வேணும். திங்கள் சாமான் குடுக்கிறது. இப்ப என்ன புதுசாப் பரீட்சை? உங்கட புரோகிராம் பிழைச்சா நான் என்ன பதில் சொல்லுறது?"

"பழையது பிழைச்சிட்டுது, சேர். உயிரோட இருக்கிற ஆக்களை இல்லையெண்டு சொல்லியிருக்கு. அந்த அட்டையை அடிச்சா அதுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேணும்," என்றாள் பூரணி.

சோமசேகரம் ஹிஸ்புல்லாவைப் பார்த்தார். விதியை எழுதியவன் அவன் என்பது அவருக்குத் தெரியும்.

"அவ சொல்லுறது சரி, சேர்," என்றான் ஹிஸ்புல்லா. "ஓடி முடியட்டும்."

சோமசேகரம் போகவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அவரும் திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

வரிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. சமம், சமம், தெரியாது, சமம். காசிம் காக்கா இந்த முறை ஒரே ஆளாக வந்தார். ஹிஸ்புல்லா தொடையில் தட்டிக்கொண்டான். பிறகு, சமமில்லை. மீண்டும் சமமில்லை. மூதூர், தகப்பன் அப்துல் மஜீத், பெண், வயது நாற்பது என்ற சோடி வந்ததும் பூரணி திரையை நிறுத்தினாள்.

அடையாள அட்டை இலக்கங்கள் இரண்டும் முன்பாதியில் ஒன்றுபோல் இருந்தன. முன்பாதி பிறந்த நாளைக் காட்டுவது. பின்பாதியில் வேறுபட்டன. உடம்பில் அடையாளம் என்ற இடத்தில், நகரப் பதிவில் ஒன்றுமில்லை. கிண்ணியாப் பதிவில், இடது புருவத்தில் தழும்பு. அதற்குக் கீழே, பிரிந்துபோன உறவினர் என்ற இடம். நகரப் பதிவு ஸல்ஹா என்றது. கிண்ணியாப் பதிவு ஸல்மா என்றது.

ஹிஸ்புல்லா மெதுவாக, "அல்ஹம்துலில்லாஹ்," என்றான். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடி எழுதிக் குடுத்திருக்காங்க. அதைத்தான் நாங்க பாக்காம விட்டிருக்கம்."

பூரணி வெளியறைக்கு வந்தாள். ஸல்மா அதே கதிரையில்தான் இருந்தாள். யாரோ கொடுத்த தேத்தண்ணீர் பக்கத்தில் ஆறிக் கிடந்தது. சந்தேகம் ஒரு துளிகூட மிஞ்சக்கூடாது என்று பூரணி முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, உங்கட தங்கச்சிக்கு உடம்பில ஏதும் அடையாளம் இருக்கோ?"

"புருவத்தில. இந்தப் பக்கம்." ஸல்மாவின் விரல் தன் இடது புருவத்துக்குப் போனது. "சின்னதில கிணத்துக் கட்டில விழுந்தவ. அவவையும் என்னையும் உம்மாவே அதைப் பாத்துத்தான் பிரிச்சுக் கூப்பிடுற."

"அப்ப அவதான். கிண்ணியாவில இருக்கிறா. உங்களைத் தேடிக்கொண்டு இருக்கிறா."

ஸல்மா எழுந்தாள், திரும்ப இருந்தாள், மறுபடியும் எழுந்தாள். பூரணியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் கன்னங்கள் நனைந்திருந்தன. "இண்டைக்கே போகேலுமா?" என்று கேட்டாள். அன்றைக்குப் போக ஏலாது, சோதனைச் சாவடியை அடைக்கும் நேரமாகிவிட்டது என்று ஹிஸ்புல்லா சொன்னான். விடியவே தானே கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னான். "பயப்படாதீங்க ராத்தா. எங்கட ஊர்தான் அது."

உள்ளே சோமசேகரம் இன்னமும் திரையின் முன்னால் நின்றார். ஓடி முடிந்திருந்தது. சமமில்லை என்று வந்த சோடிகள் திரையில் அடங்காமல் கீழே போய்க்கொண்டே இருந்தன. அண்ணன் தம்பிகள், ஒரே பெயருள்ள தகப்பன்மாரின் பிள்ளைகள், ஒருவரையொருவர் அறியாத ஒரே ஊர்க்காரர்கள். எல்லாரும் அழிக்கப்பட்டவர்கள், எல்லாரும் இருக்கிறவர்கள்.

"சமமில்லை எண்டு வந்த எல்லாரையும் திரும்பப் போடுங்கோ," என்றார் சோமசேகரம். "அட்டை எல்லாருக்கும் அடிப்பம். சாமான் போதாட்டி நான் கேட்டு எடுக்கிறன், அது என்ர வேலை. பிள்ளை, இதில ஒருத்தரை ஒருத்தர் தேடுற ஆக்களை மட்டும் பிரிச்சு எடுக்கேலுமோ?"

பூரணி ஏற்கெனவே அதை எழுதத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் பெரிய மிதவைதான் இருந்தது. அதற்கு அங்கே 'பாதை' என்று பெயர். பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸல்மா கரையை மட்டும் பார்த்தபடி நின்றாள். ஹிஸ்புல்லா ஏதோ பகிடி சொன்னான், அவளுக்குக் கேட்கவில்லை. பூரணி ஒரு பையை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பிரித்தெடுத்த பெயர்கள் அச்சாகி அதற்குள் இருந்தன.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். மாமரத்தின் கீழ் பெண்கள் கூட்டமாக இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலையை நிமிர்த்தி ஸல்மாவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். மறுபடி ஸல்மாவைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கத்தி மண்ணில் விழுந்தது.

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். ஸல்மாவின் அதே முகம், இடது புருவம் மட்டும் நடுவில் வெட்டுண்டு இருந்தது.

இருவரும் ஓடவில்லை. ஸல்ஹா எழுந்து, கைகளைச் சீலையில் துடைத்துக்கொண்டு, நம்ப முடியாதவள்போல ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். கிட்ட வந்ததும் அக்காவின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"எங்கடி போன நீ? கையை விடாத விடாத எண்டு எத்தினை தரம் சொன்ன!"

"நீதான் விட்ட," என்றாள் ஸல்மா. "ஷெல் விழுந்த பக்கம் ஓடின நீதானே."

"நான் ஒண்டும் விடல்ல."

அதற்குமேல் இருவராலும் சண்டை பிடிக்க முடியவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டார்கள். வெங்காயம் உரித்த பெண்களுக்கெல்லாம் கண்ணில் நீர். "வெங்காயம்," என்று ஒரு கிழவி காரணம் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். ஸல்ஹா அக்காவின் முகத்தைத் தடவிப் பார்த்து, மெலிந்துபோனாய் என்று குறை சொன்னாள். ஸல்மா, உனக்கு யாஸீன் ஓதிய சாப்பாட்டைக்கூட நான் வாயில் வைக்கவில்லை என்றாள்.

ஜும்மா தொழுகை முடிந்ததும் ஹிஸ்புல்லா பள்ளிவாசல் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தான். பூரணி மதிலுக்கு வெளியே, முகாம் பெண்களோடு மர நிழலில் நின்றாள். தொழுதுவிட்டு வந்தவர்கள் முற்றத்தில் நின்றார்கள், வீதியில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள்.

"மூதூர் அசனா, வாப்பா பேர் இப்றாஹீம். உங்கட சாச்சிட மகள் டவுன்ல இரிக்கா, உங்களைத் தேடுறா," என்று வாசித்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "இந்தா, இங்க இரிக்கன்," என்றது. அதற்குள் அவன் அடுத்த பெயரை வாசித்தான். முற்றத்தின் பின்பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. இன்னொரு பெயருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. யாரோ சைக்கிளில் ஏறி, அந்த ஆள் வயலுக்குப் போயிருக்கிறார், கூட்டி வருகிறேன் என்று மிதித்துக்கொண்டு போனார். ஸல்மாவும் ஸல்ஹாவும் கூட்டத்துக்குள் புகுந்து, காது கேளாத ஒரு பெண்ணின் பெயர் வந்ததும் அவளைக் கையில் பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பூரணி பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவதென்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இன்னும் பலர் சேர்ந்தார்கள்.

"மூதூர் முஹம்மது தம்பி," என்று ஒலிபெருக்கி சொன்னது. "உங்கட நானா உங்களைத் தேடி டவுன்ல பதிஞ்சிரிக்கார்."

தொப்பி போட்ட முதியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹிஸ்புல்லாவின் முன்னால் போய் நின்றார்.

"அது நான்தான் மகன். இன்னொருக்கா வாசிங்க."

ஹிஸ்புல்லா இன்னும் உரக்க வாசித்தான்.